நொச்சிமேட்டு ஆறு தலைகள்

ஜனவரி 4

நாற்பத்தோரு மண்டையோடுகள் இன்று வந்து சேர்ந்தன. வேனிலிருந்து பெட்டிகளை இறக்கியவர், "இதுல உடையுற சாமான் எது சார்?" என்று கேட்டார். எல்லாமே என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் மெதுவாக இறக்கினார்.

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஆவுடையப்பன், ஜூன் முப்பதாம் தேதிக்குப் பிறகு வெறும் ஆவுடையப்பன். கடைசி ஆறு மாதத்தில் அவன் என்ன செய்தான் என்று பின்னால் யாராவது தேடக்கூடும். தேடாமலும் போகலாம். எழுதிவைப்பதில் நஷ்டமில்லை.

நொச்சிமேடு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆற்றங்கரை மேட்டில் ஓர் அறக்கட்டளை இரண்டு வருடமாகத் தோண்டி வருகிறது. வெளிவந்தவை முதுமக்கள் தாழிகள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழசு என்கிறார்கள். தாழிக்குள் இருந்ததில் தலைகள் மட்டும் என்னிடம் வந்திருக்கின்றன.

மனிதத் தலைகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. புருவத்துக்கு மேலே நரம்பு வெளிவரும் துளை சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. பிடரிப் பக்கம் எலும்புகள் சேரும் கோட்டில் சிலருக்கு உபரியாகச் சின்ன எலும்புத் துண்டுகள் இருக்கும். குழந்தைப் பருவத்தில் மறைய வேண்டிய நெற்றிக்கோடு சிலருக்குச் சாகும்வரை மறையாது. நோயுமல்ல, காயமுமல்ல. வெறும் வித்தியாசம். யாருக்கு எது இருக்கிறதென்று எண்ணிப் பட்டியல் போடுவதுதான் வேலை.

"செத்தவங்க தலைய எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள் கோமதி. விஞ்ஞானியின் மனைவி கேட்கக்கூடிய கேள்வி அல்ல. கேஸ் சிலிண்டர் பதியச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

ஜனவரி 9

பதினான்கு தலைகள் முடிந்தன. உபரி எலும்பு மூன்று பேருக்கு. நெற்றிக்கோடு ஒருவருக்கு. உலகத்தைப் புரட்டிப்போடும் செய்தி எதுவும் இல்லை.

துணைப் பேராசிரியை டாக்டர் ஹெப்சிபா அளவெடுக்கிறார், நான் சரிபார்க்கிறேன். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுக்கிறார். கவனம் நல்ல குணம்தான், அளவோடு இருந்தால்.

தலைகளைத் துடைக்க நொச்சிமேட்டிலிருந்தே ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். இசக்கியம்மாள், இருபத்தேழு வயது இருக்கும். குழியில் இறங்கி வேலை பார்த்தவள். கைக்குழந்தையை வீட்டில் தகப்பனாரிடம் விட்டுவிட்டுத் தினமும் முதல் பஸ்ஸில் வருகிறாள். தூரிகையால் மண்ணைத் தட்டும்போது "இவரு பல்லு நல்ல பல்லு", "இந்தம்மாவுக்குத் தாடை சின்னது" என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். எண்ணைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "சரி சார்" என்றாள். பத்து நிமிடம் கழித்து, "இந்த பதினேழாம் நம்பர் அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தாள்.

ஜனவரி 17

இருபத்துமூன்றாம் எண்.

உச்சிக்குச் சற்றுப் பின்னால், இடமும் வலமுமாக இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் என் சுண்டுவிரல் நுழைகிறது. இந்த இடத்தில் ஊசிமுனை அளவு துளை பலருக்கும் உண்டு, ரத்தக்குழாய் போவதற்காக. விரல் நுழையும் அளவுக்கு நான் பார்த்ததில்லை.

மிச்சப் பெட்டிகளைச் சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டோம். 23, 24, 26, 27, 30, 31. ஆறு பேர். ஆறு பேருக்கும் அதே இடத்தில் அதே ஜோடி.

ஜனவரி 18

கல்லூரிக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். விசேஷ காரணம் ஒன்றுமில்லை.

ஜனவரி 23

அறக்கட்டளைத் தலைவர் திரவியம் அண்ணாச்சி வந்தார். மாவட்டம் முழுக்கப் பாத்திரக் கடைகள் வைத்திருப்பவர். சரித்திரத்தின் மேல் உண்மையான ஆசை உள்ள மனிதர். இருபத்துமூன்றாம் எண்ணைக் கையில் வாங்கிக் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டார்.

"டாக்டரே, இது என்ன ஓட்டை?"

"ஆராய வேண்டும்."

"தலையத் தொறந்து வைத்தியம் பாத்திருக்காவளோ?"

"அப்படியும் உலகத்தில் சில இடங்களில் கிடைத்திருக்கிறது."

"அப்படின்னா நம்ம ஆளுவ ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முன்னாலயே மூளை ஆப்பரேசன் செஞ்சிருக்காவ!"

அறுவைச் சிகிச்சை என்ற சொல்லை முதலில் சொன்னது நான் அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அந்த நேரத்தில் மறுப்பது மரியாதையாக இருந்திருக்காது.

போகும்போது, மேட்டில் கட்டப்போகும் காட்சிக்கூடத்துக்கு இயக்குநர் ஒருவர் வேண்டும், ஜூனுக்கு அப்புறம் நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். கோமதியிடம் சொன்னபோது, "மூணு வருசமா வேற என்னத்த யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

பிப்ரவரி 2

ஹெப்சிபா ஒரு தாளோடு வந்தார்.

"சார், எனக்கென்னவோ இது வெட்டுன ஓட்டை மாதிரித் தெரியல சார். விளிம்பு வழவழன்னு இருக்கு. கருவி பட்ட கீறல் ஒண்ணுகூட இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பிறவியிலேயே அந்தத் துளை மூடாம பெரிசா நின்னுபோற குடும்பங்கள் உண்டு சார். அபூர்வம்தான். ஆனா பழைய மருத்துவ இதழ்கள்ல இருக்கு. படமெல்லாம் இதே மாதிரிதான்."

ஆறு வெவ்வேறு ஆட்களுக்கா என்று கேட்டேன்.

"ஆறு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தாழிகள்ல இருந்திருக்காங்க சார். ஒரே குடும்பமா இருக்கலாம்."

இளம் வயதில் எல்லாவற்றுக்கும் எளிய விளக்கம் தேடத் தோன்றும், அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்றேன். அவருக்கு நாற்பத்தொரு வயது என்று பிறகுதான் நினைவு வந்தது. தாளை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தேன். பத்திரமாக இருக்கிறது.

பிப்ரவரி 11

நகர மண்டபத்தில் கூட்டம். நிற்க இடமில்லை. என் பழைய மாணவர்களே நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் மூளை அறுவை மருத்துவர் நெல்லைநாயகம். உடற்கூறியலில் என்னிடம் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

எழுதிக்கொண்டு போன உரையில் "இருக்கலாம்", "கருத இடமுண்டு" என்ற சொற்கள் ஏழு இடத்தில் இருந்தன. கைதட்டல் தொடங்கியபின் அவற்றைப் படிக்க வாய் வரவில்லை. உரையில் இல்லாத ஒரு வாக்கியம் தானாக வந்தது:

"இயற்கை இத்தனை ஒழுங்காக ஓட்டை போடாது. அதற்கு மனிதக் கை வேண்டும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தப் பழங்கால மருத்துவருக்கு மேட்டில் வெண்கலச் சிலை வைக்கப்போவதாக அண்ணாச்சி அறிவித்தார்.

வீட்டுக்கு வந்து வாக்கியத்தைக் கோமதியிடம் சொல்லிக் காட்டினேன். சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "ஏன், மூக்குல ரெண்டு ஓட்டை ஒழுங்காத்தானே இருக்கு?" என்றாள்.

இவளிடம் எதையும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 12

மூன்று நாளிதழ்களில் படம். ஒன்றில் மண்டையோட்டின் படத்துக்குக் கீழே என் பெயர் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 3

கட்டுரை முடிந்தது. பதினெட்டுப் பக்கம். ஹெப்சிபா எழுதிச் சேர்த்திருந்த ஒரு பத்தியை நீக்க வேண்டியதாயிற்று. முழுக்க முழுக்க நீளம் கருதித்தான். பத்தி போனபின் அவருடைய பெயரும் அங்கே பொருந்தவில்லை. நன்றியுரையில் சேர்த்திருக்கிறேன், தட்டச்சு செய்தவருக்கு அடுத்தபடியாக.

அவரிடம் சொன்னேன். "சரி சார்" என்றார். கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

மார்ச் 11

கட்டுரையை அனுப்புவதற்கு முன் விளிம்புகளை ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்க்கலாம் என்று எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் வெளிச்சம் போதாது. ட்யூப் லைட் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 14

புது ட்யூப் லைட் போட்டுவிட்டார்கள். மிகவும் பிரகாசமாக இருக்கிறது. கண் கூசுகிறது. கட்டுரையைத் தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் 6

இசக்கியம்மாள் பத்து நாளாக வேலைக்கு வரவில்லை. இன்று வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் எக்ஸ்ரே உறை. எட்டு மாதப் பெண் குழந்தை. வந்ததும் நான் அளவெடுக்கும் காலிப்பரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"தொட்டில்லேருந்து விழுந்துட்டா சார். பெரிய அடி ஒண்ணும் இல்ல. சின்ன வீக்கம், மறுநாளே வத்திருச்சு. பயந்துபோயி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். படம் எடுத்துப் பாத்துட்டு மண்டையில ரெண்டு ஓட்டை இருக்குன்னுட்டாங்க. இதுக்கு முன்னால யாரு அடிச்சான்னு கேக்குறாங்க. போலீஸ்லேருந்து ரெண்டு தடவ வீட்டுக்கு வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சாப்பாடே எடுக்க மாட்டேங்குறாரு சார். இப்ப இருபத்தொண்ணாந் தேதி ஆப்பரேசன்னு சொல்லியிருக்காங்க. தகடு வச்சு மூடணுமாம்."

படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். உச்சிக்குச் சற்றுப் பின்னால், இடமும் வலமுமாக.

"நீங்க தலைய நல்லா அறிஞ்சவங்க. அதான் வந்தேன்," என்றாள். பிறகு, மிகச் சாதாரணமாக, "எங்க வீட்டுல எல்லாருக்கும் இந்தப் பள்ளம் உண்டு சார். எங்க ஐயாவுக்கு, எங்க அண்ணனுக்கு, எனக்கு. உச்சிக்குழி ரெட்டைன்னு சொல்லுவோம். யாரும் அதனால படுத்ததில்ல. அதச் சொன்னா டாக்டரு காதுல வாங்க மாட்டேங்காரு."

குனிந்து தலையைக் காட்டினாள். ஹெப்சிபாதான் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரல்களை வைத்தவர், எடுக்காமல் அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"இத்தன நாள் இந்தத் தலைகளத் துடைச்சியே, எங்ககிட்டச் சொல்லலையே இசக்கி?" என்று கேட்டார்.

"இந்த ஆறு பேருக்கும் பள்ளம் இருக்குன்னு மண்ணுக்குள்ள வச்சே பாத்தேன் டாக்டரம்மா. எங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்காங்களேன்னு நெனச்சேன். ஆப்பரேசன்னு சார் மேடையில சொல்லிட்டாங்க. படிச்சவங்க சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?"

ஏப்ரல் 7

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினேன். குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் நெல்லைநாயகம். என்னிடம் பதக்கம் வாங்கியவர்தான்.

பிறவிக் குறையாக இருக்கலாமே, அவசரப்பட வேண்டாமே என்று பொதுவாகச் சொன்னேன்.

"நானும் முதல்ல அப்படி நெனச்சேன் சார். பிறகு உங்க பேச்சு ஞாபகம் வந்தது. இயற்கை இத்தனை ஒழுங்கா ஓட்டை போடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆறு மண்டையோட்டப் பாத்துட்டு எங்க சாரே சொல்லும்போது, நான் எந்த தைரியத்துல பிறவின்னு எழுதுவேன்? அதான் அடியா இருக்கும்னு போலீசுக்குச் சொன்னேன். ரிப்போர்ட்ல உங்க பேரையும் போட்டிருக்கேன் சார்."

நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8

எழுத ஒன்றுமில்லை. பல்வலி.

ஏப்ரல் 9

பல்வலி இல்லை.

காலையில் கோமதி தோசையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக உட்காரமாட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதுறதுக்கு உங்களுக்கு எத்தன நாள் வேணும்?"

இவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஹெப்சிபா சொல்லியிருக்க வேண்டும். இது அவ்வளவு எளிதல்ல, பல அம்சங்கள் இருக்கின்றன என்றேன்.

"என்ன அம்சம்? அந்தப் புள்ளையோட தலை ஒண்ணு. உங்க இயக்குநர் நாற்காலி ஒண்ணு. ரெண்டுதானே?"

தோசை ஆறிவிட்டது. இன்னொன்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10

அலமாரியைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெளிச்சம் போதுமான அளவு இருந்தது.

ஆறு தலைகளையும் பார்த்தேன். கீறல் இல்லை. வெட்டு இல்லை. ஆறிய காயத்தின் தடிப்பும் இல்லை. வளரும் எலும்பு தானாக நின்றுபோன மெல்லிய விளிம்பு. இதைப் பார்க்க நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. உண்மையில் ஜனவரி பதினேழாம் தேதியே... அதை எழுதத் தேவையில்லை.

இழுப்பறையிலிருந்து ஹெப்சிபாவின் தாளை எடுத்துப் படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறார். தாழிகளின் வரைபடம்கூட இருக்கிறது. ஆறும் ஒரே வளைவில் வரிசையாக இருக்கின்றன.

ஏப்ரல் 11

இசக்கியையும் அவளுடைய தகப்பனார் மாசானத்தையும் அண்ணனையும் வரவழைத்துக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்தோம். மூன்று பேருக்கும் இரண்டிரண்டு. வயது ஏற ஏறக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மாசானத்துக்கு அறுபத்தெட்டு வயது. பனையேறியாக இருந்தவர், இரண்டு முறை மரத்திலிருந்து விழுந்தவர், காலைத் தவிர எதுவும் உடைந்ததில்லை.

படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெப்சிபாவிடம், "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன்.

"தெரியும் சார்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த படத்தை மாட்டினார்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பக் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னேன். "லெட்டர முதல்ல எழுதுங்க சார். இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்றார்.

ஏப்ரல் 12

கடிதம் நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் பழைய தலைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றுமே நல்ல நடை. நான்காவது ஆறு வரி. "பிப்ரவரி 11 அன்று நான் மேடையில் கூறியது தவறு" என்று தொடங்குகிறது.

ஏப்ரல் 13

கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோனேன். மூன்று எக்ஸ்ரே படங்களும் ஹெப்சிபா திரட்டிவைத்திருந்த பழைய மருத்துவக் கட்டுரைகளும் கையில். நெல்லைநாயகத்தின் அறைக்கு வெளியே புறநோயாளிகளோடு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர், "ஒங்களுக்குத் தலையில என்ன?" என்று விசாரித்தார்.

நெல்லைநாயகம் கடிதத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"அப்போ அன்னைக்கு மண்டபத்துல சொன்னது?"

"தப்பு."

"எந்த அளவுக்குத் தப்பு சார்?"

"முழுக்க."

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவனிடம் இந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. அவருக்கும் அதை எப்படி வாங்கிக்கொள்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிழவரின் படத்தில் நெடுநேரம் நின்றார்.

"நானும் அந்த அம்மா சொன்னதக் கேட்டிருக்கணும். வீட்டுல எல்லாருக்கும் இருக்குன்னு ஆரம்பத்துலயே சொன்னாங்க. ஏதோ பயத்துல சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

அறுவைச் சிகிச்சை நிறுத்தப்பட்டது. குழந்தைகளுக்கான மூளை அறுவை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். போலீசுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 15

குழந்தையைப் பார்த்த மருத்துவர், தகடு எதுவும் வேண்டாம், பெரும்பாலும் தானாகச் சுருங்கும், வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும், அந்த இடத்தில் பலமான அடி மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இசக்கி தொலைபேசியில் சொன்னாள். அவள் புருஷன் நேற்று இரண்டு வேளை சாப்பிட்டாராம்.

கேஸ் சிலிண்டர் பதிந்தேன்.

ஏப்ரல் 16

திரவியம் அண்ணாச்சியைக் கடையில் பார்த்தேன். குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்காரவைத்து மோர் கொடுத்தார். முழுவதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"டாக்டரே, அப்ப ஆப்பரேசன் நடக்கலன்னு சொல்லுதீய."

"நடக்கவில்லை. ஆனால் இது அதைவிடப் பெரிய விஷயம் அண்ணாச்சி. அந்த ஆறு பேரும் ஒரே குடும்பம். தாத்தாவோ பாட்டியோ, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பக்கத்தில் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். எலும்பே சொல்கிறது. அதே ஊரில் இன்றைக்கும் அதே அடையாளத்தோடு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களின் வழிவந்தவர்களா என்று இப்போது சொல்ல முடியாது, இந்தக் குறை புதிதாகவும் தோன்றலாம். ஆனாலும்..."

"குடும்பம்னா எல்லாருக்குந்தான் இருக்கு," என்றார் மிகவும் வருத்தமாக. "அதுக்கு எப்படிச் சிலை வைக்க?"

கொஞ்ச நேரம் ஒரு விளக்கைத் துடைத்தார்.

"சிலை வார்த்தாச்சு டாக்டரே. கையில உளியோட நிக்காரு. அழகான முகம். அவர என்ன செய்யச் சொல்லுதீய?"

இயக்குநர் பதவி பற்றி இருவரும் பேசவில்லை. இரண்டாவது தம்ளர் மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 2

நொச்சிமேட்டில் சிலை திறப்பு. அழைப்பிதழ் வந்திருந்ததால் போனேன். நான்காவது வரிசை. இயக்குநராக ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியரை நியமித்திருக்கிறார்கள். நல்ல குரல் அவருக்கு.

நான் சொன்னதை அண்ணாச்சி கொஞ்சம் காதில் வாங்கியிருக்கிறார். சிலையின் கீழே "மூளை அறுவை மருத்துவர்" என்று இருந்ததை மாற்றி "பண்டைக்காலப் பேரறிஞர்" என்று போட்டிருக்கிறார். உளி கையில் அப்படியே இருக்கிறது.

பீடத்தின் பின்பக்கம் கருங்கல்லில் வெட்டியிருக்கிறது: "இயற்கை இத்தனை ஒழுங்காக ஓட்டை போடாது. அதற்கு மனிதக் கை வேண்டும்." அதன் கீழே என் பெயரும் பட்டங்களும், ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல்.

இதை எடுத்துவிடுங்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "கல்லுல வெட்டுனத எப்படி எடுக்க? நல்ல வாக்கியமா இருக்கு, இருக்கட்டும்" என்றார்.

இரண்டு பள்ளி மாணவிகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அது தவறு என்று அவர்களிடம் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். நம்பவில்லை.

மே 19

மூன்று நாளிதழ்களுக்கும் மறுப்பு அனுப்பியிருந்தேன். ஒன்று மட்டும் வெளியிட்டிருக்கிறது. ஐந்தாம் பக்கம், நாலு வரி, மாவு அரைக்கும் இயந்திர விளம்பரத்துக்கு மேலே. கோமதி அதைக் கத்தரித்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். பிப்ரவரிப் படங்களை அவள் கத்தரிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மே 27

புதிய கட்டுரையின் முதல் வரைவு தயாராகிவிட்டது. "நொச்சிமேட்டுத் தாழிகளில் ஒரு குடும்பம்." ஆசிரியர் ஹெப்சிபா, இரண்டாவது ஆசிரியர் நான். என் பெயரை நன்றியுரையில் போட்டால் போதும் என்று சொன்னேன்.

"தட்டச்சு செய்தவருக்கு அடுத்த இடத்துலயா சார்?" என்றார்.

முதல்முறையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் வலித்தது. வலித்தது நியாயம்தான்.

ஜூன் 8

கட்டுரைக்கு முழுக் குடும்பத்தின் விவரம் வேண்டும் என்று நொச்சிமேட்டுக்குப் போனோம். இசக்கி ஏற்கெனவே ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிவைத்திருந்தாள். சிற்றப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று பதினாறு பேர் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேப்ப நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது. ஹெப்சிபா தொட்டுப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். பதினாறில் ஒன்பது பேருக்கு உண்டு.

இல்லாதவர்கள் ஏமாற்றப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஒரு சித்தி, "நல்லாப் பாருங்கம்மா, சின்னதாவாவது இருக்கும்" என்று மூன்று முறை வந்து குனிந்தாள்.

குழந்தை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் தலைக்கு இசக்கி பஞ்சு வைத்து ஒரு குல்லாய் தைத்திருந்தாள். அது அதைக் கழற்றி எறிவதும், அவள் எடுத்து மாட்டுவதுமாக இருந்தார்கள். இசக்கியின் புருஷன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரத்தில் என் பக்கத்தில் வந்து, போலீஸ் வந்த நாட்களைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன செய்வீங்க சார், அந்த டாக்டருல்லா தப்பாச் சொல்லிட்டாரு" என்றார். இல்லை, தப்பாகச் சொன்னது நான்தான் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக மாசானம் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

"எங்க எல்லார் தலையவும் பாத்துட்டீங்க. ஒங்க தலைய யாரும் பாக்கலையே? இங்கிட்டுக் குனிங்க."

மறுத்தால் நன்றாக இருக்காது. குனிந்தேன். பனை ஏறிக் காய்த்துப்போன விரல்களால் உச்சியிலிருந்து பிடரிவரை, பூசணிக்காய் வாங்குகிறவரைப் போல அழுத்தி அழுத்திப் பார்த்தார். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு, எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்:

"ஒங்க தலையில ஒண்ணுமே இல்லையே சார்!"

ஹெப்சிபா சட்டென்று திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின.

பதினேழாவது வரியில் என் பெயரை எழுதி, எதிரே "இல்லை" என்று குறித்துக்கொண்டேன்.